இருக்க முடியாத கூம்பு

அதியமான்கோட்டை,
22-7-1973, ஞாயிறு.

அன்புள்ள மகள் காசிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. அங்கே நீயும் அப்படியே இருக்கிறாய் என்பதை உன் கடிதத்தில் எழுத்து நின்ற விதத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். உடம்பு சரியில்லாதபோது உன் எழுத்து மெலிந்து வலப்பக்கம் சாயும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், இந்த முறை நேராக நின்றது, அதனால் நீ நன்றாக இருப்பதாக நீ எழுதியதை நம்பினேன். பூஜை விடுமுறைக்கு வர முடியாது, அலுவலகத்தில் புது வரைபடங்கள் வந்து குவிந்திருக்கின்றன என்று எழுதியிருந்தாய். சரி. வேலை என்றால் அப்படித்தான். ராஞ்சியில் எல்லோரும் இந்தி பேசுகிறார்களே, தமிழ்ப் பெண்கள் எல்லோரும் திணறுகிறார்கள், எனக்கு மட்டும் தர்மபுரிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்று நீ எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், இரண்டு பேரும் சிரித்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார், நான் விளக்கைத் துடைக்க உட்கார்ந்தேன்.

மழை இந்த ஆடியில் ஏமாற்றவில்லை, கடலைக்காய்க் கொல்லையில் களை வெட்டு நடக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி போன வருஷத்துக்கு இந்த வருஷம் குறைவு என்று அவர் சொல்கிறார், நடையைப் பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை. மின்சாரம் பாதி நாள் இருப்பதில்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது, தலைமையாசிரியை என்றால் முன்னால் போகலாம் என்று கடைக்காரர் ஒரு முறை கூப்பிட்டார், நான் போகவில்லை, பின்னால் நின்ற காளியப்பன் மனைவி வீட்டுக்கு வந்து, போயிருக்கலாமில்ல டீச்சரம்மா, நீங்க போயிருந்தா உங்க பின்னாடியே நானும் புகுந்திருப்பனே என்று குறைப்பட்டுக்கொண்டாள். பள்ளிக்குப் போக ஏழே முக்கால் பஸ்ஸையே பிடிக்கிறேன். தர்மபுரி அஞ்சலகத்தில் புதிதாக வந்திருக்கும் அஞ்சல் அதிகாரி நல்லவர், போன வாரம் நான் உறை வாங்கும்போது, ஏம்மா, மகளுக்கு எழுதி எழுதிக் கை வலிக்கலீங்களா, ஒரு டிரங்கால் போட்டு ரெண்டு வார்த்தை பேசிருங்களேன் என்றார். அவருக்கு உன்னைப் பற்றித் தெரியாது. நான் உறையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். ரோஷன் பீயை உனக்கு நினைவிருக்கும். தகரப் பெட்டி செய்யும் முகம்மது கவுஸின் மகள், நீ ராஞ்சிக்குக் கிளம்பிய வருஷம் என் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள். உன்னைப் போலவே பிறவியிலிருந்தே காது கேளாது. சேலத்தில் காது கேளாதோருக்கான ஒரு பள்ளியில் எட்டு வரை படித்தாள், அதற்கு மேல் அங்கே வகுப்பு இல்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுடைய அம்மா ஜான் பீ கையில் உன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். உங்க பொண்ணைப் படிக்க வெச்சீங்களே டீச்சரம்மா, எங்க பொண்ணு மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு என்று கேட்டாள். சேர்த்துக்கொண்டேன். சேலத்தில் உதட்டைப் பார்த்தும் படத்தைப் பார்த்தும் படித்தவள், இங்கே வாத்தியார் பேசிக்கொண்டே கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பாதிப் பாடம் போய்விடும், ஆனாலும் முன் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து, மூன்று வருஷம் ஓட்டிவிட்டாள். கணக்கில் அவளை மிஞ்ச ஆள் இல்லை, அதுவும் வடிவங்கள் வரைந்து செய்யும் கணக்கில். அவள் வரைந்த வட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் நீ வரைந்ததோ என்று ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றும்.

இந்த வருஷம் பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை எழுதினாள், கணக்கில் தேறவில்லை. மற்ற எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். எப்படி என்று சொல்கிறேன், நீ வரைபடத்தோடு பழகுகிறவள், உடனே விளங்கும். கணக்குத் தாளில் கட்டாயக் கேள்வி ஒன்று, ஒரு கூம்பின் உயரமும் சாய்வுயரமும் கொடுத்து, அடியின் ஆரத்தையும் கன அளவையும் கேட்டிருந்தார்கள். உயரம் ஐந்து, சாய்வுயரம் பதின்மூன்று என்று இருக்க வேண்டியது, அச்சில் மாறி, உயரம் பதின்மூன்று, சாய்வுயரம் ஐந்து என்று வந்துவிட்டது. நிமிர்ந்து நிற்கும் உயரத்தைவிடச் சாய்ந்து இறங்கும் பக்கம் குட்டையாக இருந்தால் அது கூம்பே ஆகாது, நுனியிலிருந்து இறங்கும் கோடு தரையைத் தொடவே தொடாது. பரீட்சை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பிழையைக் கண்டுபிடித்து மேலிடத்திலிருந்து தொலைபேசியில் எல்லா மையங்களுக்கும் திருத்தம் சொன்னார்கள். அவளுடைய கூடத்தில் இருந்த கண்காணிப்பாளர் வேறு ஊர்ப் பள்ளியிலிருந்து வந்த இளைஞர், அவரைக் குறை சொல்ல மாட்டேன், திருத்தத்தை உரக்க, நிறுத்தி நிறுத்தி, இரண்டு தரம் வாசித்தாராம். அந்தக் கூடத்தில் ஒருத்திக்குக் காது கேளாது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ரோஷன் தலை குனிந்து அந்தக் கூம்பை வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள் திரும்பிச் சைகை காட்டினால் காப்பி என்று பிடிப்பார்கள், யாரும் திரும்பவில்லை.

அவள் அந்தக் கூம்பைப் பலவிதமாக வரைந்து பார்த்திருக்கிறாள். தான் தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று பயம். கடைசியில், இப்படி ஒரு கூம்பு இருக்க முடியாது, கேள்வி தவறு என்று எழுதி, ஏன் என்பதற்குப் படமும் போட்டு, கீழே கோடிட்டிருக்கிறாள். அதற்குள் நேரமெல்லாம் போய் மீதிக் கேள்விகளை முடிக்க முடியவில்லை, தேறுவதற்குச் சில மதிப்பெண் குறைந்துவிட்டது. வெளியே வந்து மற்றவர்களுடைய விடையைப் பார்த்ததும்தான் விஷயம் தெரிந்தது. இதில் எனக்கு ஆறாத இன்னொன்றும் உண்டு. அவளுடைய சினேகிதி குள்ளம்மாள், நன்றாகக் காது கேட்கும் பெண், அவளும் திருத்தத்தைக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றதற்கு, கூரை விட்டத்துல புறா ஒக்காந்திருந்திச்சுங்க டீச்சர், மேல ஏதாச்சும் பண்ணிருமோன்னு அதையே பாத்துக்கிட்டு இருந்தேன் என்றாள். பிறகு எப்படிக் கணக்கைப் போட்டாய் என்றேன். பெரிசுல இருந்து சின்னதைக் கழிக்கோணும்னு ஒண்ணாங் கிளாசுலயே சொல்லிக் குடுத்தாங்களேங்க, கழிச்சேன், வந்திச்சு என்றாள். உண்மைதான், இரண்டு எண்களின் வர்க்கங்களையும் யோசிக்காமல் கழித்தால் ஆரம் சரியாகவே வரும், பாதி மதிப்பெண்ணாவது கிடைக்கும். அவள் தேறிவிட்டாள். கூம்பு எப்படி நிற்கும் என்று நினைத்துப் பார்த்தவள் தேறவில்லை.

தமிழ்த் தாளில் பறவைகளின் ஒலி மரபு கேட்டிருந்தார்கள். குயில் கூவும், மயில் அகவும், ஆந்தை அலறும். நீயும் இதை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்தவள்தான், ஆந்தை எதற்கு அலறுகிறது, அதற்கு என்ன கஷ்டம் என்று எழுதிக் கேட்பாய். ரோஷனும் மனப்பாடம் செய்து எல்லாவற்றையும் சரியாக எழுதியிருக்கிறாள். ஒரு நாளும் கேட்டிராத குயிலுக்கு அவளுக்கு மதிப்பெண் உண்டு. கண்ணால் பார்த்து, கையால் வரைந்து, முடியாது என்று கண்டுகொண்ட கூம்புக்கு இல்லை.

நான் இதைப் பற்றி மேலிடத்துக்கு எழுதினேன். திருத்தம் எல்லா மையங்களிலும் அறிவிக்கப்பட்டுவிட்டது, ஆகையால் மறுபரிசீலனைக்கு இடமில்லை என்று பதில் வந்தது. பிறகு நேரில் போய்ப் பரீட்சை சம்பந்தப்பட்ட ஓர் அதிகாரியைப் பார்த்தேன். உட்காரச் சொல்லிக் காப்பி வரவழைத்தார். மரியாதையானவர். எல்லாருக்கும் ஒரே பேப்பரு, ஒரே நேரம், ஒரே திருத்தம், இதுக்கு மேல நியாயம்னு என்னங்கம்மா இருக்குது என்று கேட்டார். உனக்குத் தெரியும், இந்த வாதம் என்னுடையது. சலுகை என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. வத்தல்மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கிற பிள்ளையும் வக்கீல் வீட்டுப் பிள்ளையும் பெயரை விட்டுவிட்டு வெறும் எண்ணாகப் போய் உட்காரும் ஒரே இடம் அந்தக் கூடம்தான், அதைக் குலைக்கக் கூடாது என்று எத்தனை கூட்டங்களில் பேசியிருக்கிறேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால்தான் அவரிடம் மதிப்பெண் கேட்கவில்லை. ஒரே பேப்பர் என்று சொல்கிறீர்கள், ஆனால் அன்று பேப்பரில் ஒரு பகுதி காற்றில் அல்லவா இருந்தது, அந்தப் பகுதி அவளுக்குக் கொடுக்கப்படவே இல்லை, இனிமேல் கூடத்தில் வாயால் சொல்வது எதுவானாலும் பலகையிலும் எழுத வேண்டும் என்று ஓர் உத்தரவு போடுங்கள், அது போதும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, ஒரு பொண்ணுக்காக ஜில்லா பூராவுக்குமா என்றார். பிறகு, உங்க பொண்ணும் இதே பரீட்சைதானேங்கம்மா எழுதிச்சு, பாஸ் பண்ணலியா, ராஞ்சில உத்தியோகம் பாக்கலியா என்றார்.

ஊரில் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள் காசி. காசி தேறினாளே. கவுஸ் சொல்கிறார், பள்ளியில் என் ஆசிரியைகள் சொல்கிறார்கள். நீ தேறியதை நான் இத்தனை வருஷம் எவ்வளவு பெருமையாக வைத்திருந்தேன் என்று உனக்கு நான் சொன்னதில்லை, இப்போது அதை எடுத்து அந்தப் பெண்ணின் மேல் வீசுகிறார்கள். இதை ஆண்கள் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்த சவுரியப்பனிடம் சொல்லி வருத்தப்பட்டேன். ஓய்வு பெற்றுவிட்டார், தெருவில் பார்த்தேன். அவர் உன் வருஷத்தில் உன் கூடத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர். கேட்டுவிட்டுச் சிரித்தார். காசி எங்கம்மா அதே பரீட்சை எழுதிச்சு, மணி அடிச்சா அதுக்குத் தெரியாதுன்னுட்டு நான் போயி அது டெஸ்க்கு மேல ஒரு வெரல வெப்பேன், அரை மணி பாக்கின்னா ஒரு வெரலு, கால் மணின்னா ரெண்டு வெரலு, ஏதாச்சும் வாயில சொன்னா போர்டுல ஒரு ஓரமா கிறுக்கி வெப்பேன், நிமிந்து பாத்துக்கும் என்றார். எனக்குத் தெரியாது. நீயும் சொன்னதில்லை, உனக்கு அது சொல்லும்படியான விஷயமாகத் தோன்றியிருக்காது, எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருப்பாய். நீ தேறியது உன் படிப்பால்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உன் கூடத்தில் சவுரியப்பன் இருந்தார், அவள் கூடத்தில் இல்லை.

இன்னொன்று எழுதுகிறேன், இதை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. சொந்த மாணவிகள் எழுதும் மையத்தில் எங்களைப் போட மாட்டார்கள், வழக்கப்படி என்னை ஏரியூர் மையத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அதே திருத்தம் அங்கேயும் வந்தது. நான் கூடம் கூடமாகப் போய் வாசித்தேன். வாசிப்பதற்கு முன்னால், ஒவ்வொரு கூடத்திலும், சுண்ணாம்புக் கட்டியை எடுத்துப் பலகையில் எழுதினேன். எழுதிவிட்டு வெளிச்சம் என் முகத்தில் விழும்படி ஜன்னல் பக்கம் நகர்ந்து நின்று, அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தேன். ஒரு பையன், ஏங்க டீச்சர், எங்களுக்குக் காது கேக்குங்க என்றான், கூடமே சிரித்தது. அங்கே எல்லோருக்கும் காது கேட்டது. நான் யோசித்துச் செய்ததில்லை காசி, உன்னோடு இருபது வருஷம் பேசிய கை அது, அதற்கு வேறு விதமாகப் பேசத் தெரியாது. அன்று மாலை பஸ்ஸில் திரும்பி வரும்போது உன்னை நினைத்துக்கொண்டு வந்தேன், நிறைவாகவே இருந்தது. ரோஷனின் கூடத்தில் அந்த நேரம் என்ன நடந்தது என்று எனக்கு மறுநாள்தான் தெரியும்.

இப்போது நிலைமை இது. தேறாதவர்களுக்கு மறுபடியும் செப்டம்பரில் பரீட்சை. கணக்கு ஒன்று மட்டும் எழுதினால் போதும், தேறிவிட்டால் நீ சேர்ந்த அதே வரைவாளர் பயிற்சிக்கு அவளை அனுப்பிவிடலாம், அங்கே இருப்பவர்களிடம் விசாரித்தும் வைத்திருக்கிறேன். பரீட்சைக்கான விண்ணப்பம் ஆடி முடிவதற்குள் போக வேண்டும். ஆனால் அவள் எழுத மாட்டேன் என்கிறாள். பிடிவாதம் என்றால் உன்னுடையதற்கு ஒரு படி மேலே. நான் தோற்கவில்லை, திரும்ப எழுதினால் தோற்றேன் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும் என்று எழுதிக் காட்டுகிறாள். அவள் சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை, அதுதான் என் சங்கடம். நியாயம் உன் பக்கம், ஆனாலும் போய் எழுது என்று சொல்வதற்கு என்னிடம் நல்ல வாக்கியம் ஒன்றும் இல்லை. அந்த அதிகாரி கடைசியில் இரக்கப்பட்டு, செப்டம்பருக்கு போர்டுல எழுதி வெக்கச் சொல்றேங்கம்மா, கவலைப்படாதீங்க என்றார். வாயால் சொன்னார். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன், அதெல்லாம் எதுக்குங்கம்மா என்றார். காது கேளாத பெண்ணுக்கு வாயால் ஒரு உறுதி. அதை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் நான் எப்படிக் காட்டுவது? எழுத்தில் கேட்டு மறுபடியும் அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

கவுஸ் பொறுமை இழந்துவிட்டார். கிருஷ்ணகிரியில் ஒரு இடம் வந்திருக்கிறதாம், செருப்புக் கடை, பையனுக்குக் காது கேட்கும். போன வாரம் வீட்டுக்குப் போனேன், தகரம் தட்டுவதை நிறுத்திவிட்டு எனக்கு நாற்காலி போட்டார். போட்டிருக்கற கணக்கைப் போட்டுட்டு வர்றதை உட்டுட்டு, அது கூம்பா இல்லையான்னு இவளை யாருங்க டீச்சரம்மா கேட்டது, நான் தெனம் கூம்பாட்டமா பொனல் வெட்டறேன், ஒருத்தனாச்சும் எங்கிட்ட நியாயம் கேட்டானா, தண்ணி எறங்கினா சரின்னு போறான் என்றார். பையன் ரொம்பப் பேசறவனாம், எங்க பொண்ணுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லை பாருங்க என்று அவரே சொல்லிச் சிரித்தார். உள்ளே இருந்து ஜான் பீ, அந்தக் குடுப்பினை எனக்கு இருந்திருந்தா இந்த வூட்டுல நானும் நிம்மதியா இருந்திருப்பேன் என்றாள். அவர், பாத்தீங்களாங்க, இதான் எங்க வூடு என்றார். அவரும் கெட்டவர் இல்லை. மகள் பெரிய பெண்ணாகிவிட்டாள், ஊர் பேசுகிறது, அவருக்கும் வயதாகிறது. ஆடி போகட்டும், ஆவணியில் பேசி முடிச்சிருவேன், அதுக்குள்ள பரீட்சைக்குப் பணங்கட்டிட்டா நிறுத்தி வெக்கறேன், உங்க வார்த்தைக்காக என்று சொல்லியிருக்கிறார். ஜான் பீ என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டு, கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நேற்று மாலை ரோஷன் தானாகவே பஸ் ஏறி நம் வீட்டுக்கு வந்தாள். அப்பா அவளைக் கண்டதும் தரையைக் காலால் ஒரு உதை உதைத்துவிட்டு, வா கண்ணு என்றார். தரை அதிர்ந்தால் நீ திரும்பிப் பார்ப்பாய் என்று அவர் உனக்குச் செய்வது போலவே. நீ போய் இவ்வளவு காலமாகியும் சமையலறைக்குள் நுழையும் முன் அவர் காலால் தரையை மிதிக்காமல் வருவதில்லை, யாருக்கு மிதிக்கிறீர்கள் என்று நான் கேட்டால், பழகிப்போச்சு ஜானகி, காலு கேக்க மாட்டேங்குது என்கிறார். நானும்தான் விளக்கை ஏற்றி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அவரிடம் பேசுகிறேன். ரோஷனுக்கு ராகி அடை சுட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் நீ எழுதவும் நாங்கள் எழுதவும் பள்ளிக்கூடப் பலகைக்கு அடிக்கும் கறுப்பு மையை அப்பா பூசி வைத்தாரே, அது அப்படியேதான் இருக்கிறது. நீ கிளம்பிய காலையில் அதில் கடைசியாக எழுதியதும் இருக்கிறது, குடை எடுத்துக்கொண்டேன், பால் பொங்குகிறது பார் என்று. அதை அழிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அழியவில்லை, அவ்வளவுதான். வெள்ளையடிக்க வந்தவனிடம் அப்பா அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லிவிட்டார்.

ரோஷனுக்கு அது தெரியாதே. எழுத இடம் வேண்டும், முந்தானையால் சுவரைத் துடைத்துவிட்டாள். அப்பா ஒரு அடி முன்னால் வந்தார், நான் கையைக் காட்டினேன், நின்றுவிட்டார். அவள் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து அந்தக் கூம்பை வரைந்தாள், உயரம் பதின்மூன்று, சாய்வு ஐந்து, சாய்வுக் கோட்டைத் தரைக்கு எட்டாமல் பாதியில் விட்டாள். பக்கத்தில் எழுதினாள். காசி அக்காவைக் கேளுங்கள். இது கூம்பா? அக்கா திரும்ப எழுது என்றால் எழுதுகிறேன். எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள். ஏன் அக்காவைக் கேட்க வேண்டும், நான் சொன்னால் போதாதா என்று கீழே எழுதினேன். உங்களுக்குக் கேட்கும் என்று எழுதினாள்.

அப்பா அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்தார். அதுவரை நான் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். அவள் சொன்னது சரி. நான் பலகையில் எழுதலாம், மேலிடத்துக்கு எழுதலாம், ஆனால் கூடத்தில் உட்கார்ந்து சுற்றிலும் உதடுகள் அசைவதைப் பார்த்து என்ன நடந்தது என்று தெரியாமல் இருந்தவள் நான் இல்லை. அவளை நான் எழுதச் சொன்னால் அது காது கேட்கிறவள் சொல்லும் சமாதானம். நீ சொன்னால் வேறு. நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதித் தரமாட்டேன். எழுது என்று சொல்லலாம், எழுத வேண்டாம் என்றும் சொல்லலாம், உனக்குத் தோன்றியதை அவளுக்கே எழுது, தமிழில் எழுது, சின்னச் சின்ன வாக்கியமாக எழுது, ஒரு படமும் போடு. சவுரியப்பன் வைத்த விரலைப் பற்றியும் எழுது, உனக்கு நினைவிருந்தால். அதிகாரிக்கும் நீ தனியாக ஒன்று எழுதினால் நல்லது, நான் தேறியது இப்படித்தான் என்று. உன்னை வைத்துத்தான் அவளை மறுக்கிறார்கள், ஆகையால் நீ எழுதுவதை அவர்களால் தள்ள முடியாது என்று நினைக்கிறேன். தள்ளினாலும் தள்ளுவார்கள். ஆனாலும் எழுது. ஆடி முடிவதற்குள் இங்கே வந்து சேர வேண்டும், அதைக் கணக்குப் பண்ணித் தபாலில் போடு.

செப்டம்பரில் அவள் எழுதுவதாக இருந்தால், என்னை எந்த மையத்துக்கு அனுப்புவார்கள் என்று தெரியவில்லை, அவளுடைய மையத்துக்கு நிச்சயம் அனுப்ப மாட்டார்கள். உத்தரவு எழுத்தில் வரும் வரை நான் விடுவதாக இல்லை. வராவிட்டால் சவுரியப்பன் வாசலிலாவது வந்து நிற்கிறேன் என்றிருக்கிறார், உள்ளே விடமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும்.

ராஞ்சியில் மழை அதிகம் என்று செய்தித்தாளில் பார்த்தேன், கம்பளிச் சட்டையை அலுப்புப் பார்க்காமல் போட்டுக்கொள். இரவு நேரம் கழித்துச் சாப்பிடாதே. அப்பா தர்மபுரியில் சைக்கிள் கடையில் கைப்பிடியில் மாட்டும் கண்ணாடி ஒன்று வாங்கித் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறார், பின்னால் லாரி வருவது தெரிய வேண்டுமாம், கடைக்காரன் மோட்டார் சைக்கிளுக்கா என்று கேட்டதற்கு, என் பொண்ணோட காதுக்கு என்றாராம். அலுவலகத்துப் பெண்கள் சிரித்தாலும் அதை மாட்டிக்கொள். தண்டவாளம் கடக்கும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போ. ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போகலாம் என்று அப்பா சொல்கிறார், கூட்டத்தில் என்னால் முடியாது என்றேன், ஆனாலும் போவோம் என்று நினைக்கிறேன், உனக்காக ஒரு முழுக்கு சேர்த்துப் போடுவார்.

பூஜைக்கு வர முடியாது என்று நீ எழுதியதை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. வா என்று சொல்லவும் இல்லை. சுவரில் உன் எழுத்து இருந்த இடத்தில் இப்போது அந்தப் பெண்ணின் கேள்வி இருக்கிறது. அதற்குக் கீழே பாதிச் சுவரை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன், அப்பாவையும் அதில் பால் கணக்கு எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டேன். உன் பதில் தபாலில் வந்தால் நான் அதை அங்கே பார்த்து எழுதி, ரோஷனைக் கூப்பிட்டுக் காட்டுவேன். நீயே வந்து எழுதினாலும் இடம் போதும்.

எங்கும் பத்திரமாகவும் யாருக்கும் தலை குனியாமலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். கண்ணாடியை மறக்காதே. பதில் ஆடிக்குள் வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஜானகியம்மாள்.